பிரேக்கை அமுக்கியவள்

"அமுக்கு!"

"அமுக்கியாச்சு."

"விடு!"

"விட்டாச்சு."

"இப்ப அமுக்கு, பெரில்!"

"அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் லெஸ்! இதுக்கு மேல அமுக்கினா கால் தரையைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும்!"

எங்கள் வீட்டுக்கும் ஹாட்ஜெட்ஸ் தம்பதியின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்களுடைய கார் ஷெட்டின் வாசல் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. இங்கிலாந்தில் கம்பள மில்களுக்குப் பேர்போன எங்கள் கிடர்மின்ஸ்டரில் மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச் மணி. எனக்கு இந்த 'அமுக்கு', 'விடு'.

பெரில் ஹாட்ஜெட்ஸைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டி கரண்டியாகத் தட்டில் வைத்துக்கொண்டே நாற்பதைக் கடந்து ஐம்பதையும் கடந்தவள். பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சமையலறைக் கதவருகே எந்தக் குழந்தை அழுதாலும் இரண்டாவது கரண்டி குழம்பு அந்தத் தட்டில் விழுந்துவிடும். தனக்கென்று அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. ஆகஸ்டில் கம்பள மில்களை இரண்டு வாரம் அடைப்பார்கள் இல்லையா, அதில் ஒரு வாரம் வேல்ஸில் பார்மத் கடற்கரையில் இருக்க வேண்டும். அலையில் காலை நனைத்துக்கொண்டு, காகிதத்தில் சுற்றிய மீனும் வறுவலும் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். இதைக்கூட ஒரு பெண்ணுக்குக் கொடுக்க முடியாத கல்யாணம் என்ன கல்யாணம் என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பல தடவை பொருமியிருக்கிறேன்.

கொடுக்க முடியாமல் செய்தது அந்தக் கார்.

ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி. ஒரு பண்ணையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து லெஸ் அதை இழுத்து வந்தான். லெஸ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கெட்டவன் இல்லை. மில்லில் தறி ஓட்டுகிறவன், குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். ஆனால் மண்டைக்குள் ஒன்று புகுந்தால் அதை வெளியே எடுக்க ஆண்டவன்தான் வரவேண்டும். வண்டியை ஆணி ஆணியாகப் பிரித்தான். ஒவ்வொரு துண்டையும் தேய்த்துக் கழுவி, பச்சை பெயின்ட் அடித்து, காயவைத்து, மறுபடி அடித்தான். கடைசியில் வண்டி எழுந்து நின்றபோது தெருவே வந்து பார்த்தது. மழைக்காலக் குளம்போல மின்னியது. பெரில்கூட அழுதுவிட்டாள்.

"இந்த ஆகஸ்ட் பார்மத்துக்கு இதுலதான்" என்றான் லெஸ்.

அந்த ஆகஸ்டில் பக்கத்து ஊர் பிரிட்ஜ்நார்த்தைக்கூடத் தாண்டவில்லை. மழை வந்தது, வைப்பர் ஊர்ந்தது, முன்விளக்கு மஞ்சளாகி மெழுகுவத்திபோல ஆயிற்று. திரும்பி வந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் பாதி வழி, வெல்ஷ்பூல் வரைக்கும் போனார்கள்; அங்கே பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து திட்டினான். "யோவ், பிரேக் போட்டா பின்னாடி லைட் எரியணும்யா! உனக்கு இருக்கற லைட்டும் அணைஞ்சு போகுது! என் லாரி உன் வண்டிக்குள்ள புகுந்து படுத்திருக்கும் இந்நேரம்!"

அதுதான் அந்த வண்டியின் வியாதி. விளக்குகளைப் போட்டுக்கொண்டு பிரேக்கை அமுக்கினால் பின்விளக்கு செத்துவிடும். விளக்குகளைப் போடாமல் அமுக்கினால், பின்னால் எரிய வேண்டியது எரியாமல், முன்னால் மீட்டர் விளக்கு பேய்க்கண் மாதிரி மங்கலாக முழிக்கும்.

அப்போது ஆரம்பித்ததுதான் இந்த அமுக்கு, விடு.

பழைய கார் சங்கத்து ஆண்கள் வாரம் தவறாமல் வந்தார்கள். பானட்டைத் திறந்துவைத்து, பிணத்தைச் சுற்றி நிற்பதுபோல நிற்பார்கள். எல்லார் கையிலும் பெரில் போட்ட டீ. ஒருவர் டைனமோ என்பார். லெஸ் டைனமோவை மாற்றுவான். இன்னொருவர் கட்-அவுட் பெட்டி என்பார். அதுவும் மாறும். ஸ்விட்ச் என்றார்கள், ஃபியூஸ் என்றார்கள், ஒரு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து வண்டிக்குள் இருந்த மொத்த ஒயரையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டான். மாற்றிய ஒவ்வொரு தடவையும் பெரில் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அமுக்குவாள். அவள் டீ ஷெட்டு வாசலில் ஆறிக்கொண்டிருக்கும்.

"எரியுதா?" என்று கேட்பாள்.

"நீ அமுக்கு. கேள்வி கேக்காத."

ஒரு வழியாக, பல வருஷம் கழித்து, ஒரு ஜூலைக் கடைசியில் கெத்தின் ப்ராபர்ட் வந்தார். பஸ் டிப்போவில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேல்ஸ்காரர், சங்கத்துக்குப் புதிது. டீயைக்கூட வாங்கவில்லை. தடிமனான ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையில் மாட்டினார். மறுமுனையைப் பின்விளக்கின் கூட்டில் வைத்து அழுத்தினார்.

"அமுக்குங்கம்மா" என்றார்.

பெரில் அமுக்கினாள்.

 "எரியுதா?" என்று வழக்கம்போல உள்ளேயிருந்து கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். லெஸ் முகம் முழுவதும் சிவப்பாக இருந்தது. வெளிச்சம் அப்படி.

"உன் ஒயர்ல கோளாறு இல்ல ராசா, பெயின்ட்லதான் கோளாறு" என்றார் ப்ராபர்ட். "கரன்ட்டு போனா மட்டும் போதுமா, திரும்பி வரணும்ல? வண்டியோட இரும்பு வழியாத்தான் திரும்பி வரணும். நீ விளக்கு உக்கார்ற இடம், எர்த் ஒயர் முட்டற இடம், ஒண்ணு விடாம பெயின்ட்டைக் கொட்டி அடைச்சு வெச்சிருக்க. அதுக்கு வழியில்ல, கிடைச்ச சந்துல எல்லாம் நுழையுது. வைப்பருக்கும் அதேதான், முன்விளக்குக்கும் அதேதான். உப்புத்தாள் எடுத்து அங்கங்க சுரண்டு. இல்ல, பேட்டரியிலேருந்து பின்னாடி வரைக்கும் கூட ஒரு ஒயர் ஓட்டு. அரை நாள் வேலை."

பெரில் காரிலிருந்து இறங்கி வந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். சிறையிலிருந்து விடுதலை என்று சொல்லக் கேட்டவளுடைய முகம்.

"அரை நாளா? அரை நாள்தானா? லெஸ், கேட்டியா?"

லெஸ் பின்விளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். "சுரண்டறதா?" என்றான். பச்சைக் குழந்தையின் கன்னத்தைச் சுரண்டச் சொன்னதுபோல.

"சரி, சுரண்ட வேண்டாம். ஒயர் ஓட்டு."

"ஃபாக்டரியில அந்த ஒயர் கிடையாது பெரில்."

இதைத்தான் வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். மில் அடைப்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் அழகுப் போட்டி. நடுவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, குச்சியில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்ப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது என்ன இருந்ததோ அதுதான் இருக்க வேண்டும். கூடுதலாக ஒரு ஒயர் தெரிந்தால் மார்க் போச்சு. பெயின்ட்டில் கீறல் தெரிந்தாலும் போச்சு. விளக்கு எரிகிறதா? அதை மட்டும் ஒரு நடுவரும் பார்ப்பதில்லை! வண்டி திடலுக்குள் உருண்டு வந்தால் போதும். போன வருஷம் லெஸ் ஒரே ஒரு மார்க்கில் கோப்பையை விட்டிருந்தான். அந்த ஒரு மார்க் அவன் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"போட்டி முடியட்டும். முடிஞ்ச மறுநாளே சுரண்டிடறேன். இந்த ஒரு தடவை பொறுத்துக்கோ."

"பார்மத்துல எங்க அக்கா வீட்டுல சனிக்கிழமைலேருந்து ரூம் சொல்லியிருக்கேன் லெஸ். மறுநாளே சுரண்டுவியா? கோப்பை கிடைச்சா அடுத்த வருஷமும் ஜெயிக்கணும்ப. கிடைக்கலைன்னா அடுத்த வருஷமாவது ஜெயிக்கணும்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

லெஸ் பின்விளக்கின் மேல் பதிந்த தன் கைரேகையைச் சட்டைக் கையால் துடைத்தான். 

"அப்ப என்ன வியாதின்னும் தெரியும், மருந்தும் தெரியும், ஆனா குடிக்க மாட்ட" என்றாள் பெரில். "இத்தனை வருஷமா நான் எதுக்கு அமுக்கினேன்?"

ப்ராபர்ட் தன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஓசைப்படாமல் கிளம்பிவிட்டார்.

பெரிலின் அக்கா ஐரிஸ் பார்மத்தில் தங்கும் விடுதி நடத்துகிறாள். சமையலுக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறவள். "இங்கயே வந்து என்கூட இருந்துடேன்டி, மேல் ரூம் சும்மாத்தான் கிடக்கு" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரில் சிரித்து மழுப்பிவிடுவாள். அந்த வாரம் அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தெரு முழுக்கப் பெட்டிகள். மில் அடைத்தாயிற்று, ஊரே கடலுக்குப் போகிறது. பெரிலும் பெட்டியோடு வாசலில் நின்றாள். லெஸ் பஞ்சும் மெழுகுமாக ஷெட்டிலிருந்து வந்தான்.

"ரயில்லயா போற?"

"ரயிலுக்கு லைட் எரியும்."

"எப்ப திரும்பி வர?"

"திரும்பி வர்றதுக்கு டிக்கெட் வாங்கலை" என்றாள் பெரில்.

அவனுக்கு உடனே புரியவில்லை. டிக்கெட்டை அங்கேயே வாங்கிக்கொள்வாள் என்று நினைத்திருப்பான். அப்புறம் அவள் கையைப் பார்த்தான். ஆகஸ்ட் வெயிலில் குளிர்காலக் கோட்டை மடித்துப் பிடித்திருந்தாள். ஒரு வாரத்துக்குக் கடலுக்குப் போகிறவள் எதற்குக் குளிர்காலக் கோட்டை எடுத்துப் போகிறாள்? அவன் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான்தான் ஸ்டேஷன் வரை பெட்டியைப் பிடித்துப் போனேன். வழியெல்லாம் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் விட்டேன்.

மத்தியானம் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. லெஸ்.

"ஆலிவ், ஒரு உதவி. கொஞ்சம் வந்து பிரேக்கை அமுக்கறியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை மூக்கிலேயே அறைந்திருப்பேன். "பொண்டாட்டி போயிட்டா, உனக்குப் பிரேக்கா?" என்றேன்.

"இல்ல... ஒண்ணு பார்க்கணும். வாயேன்."

போனேன். பெரில் உட்கார்ந்த இடத்தில் முதல்முறையாக உட்கார்ந்தேன். சீட்டு குளிர்ந்திருந்தது. எதிரே ஷெட்டின் செங்கல் சுவர். வேறொன்றும் இல்லை. ஜன்னல்கூட அந்தப் பக்கம் கிடையாது. இத்தனை வருஷத்து ஞாயிறுகள் அவள் இந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா!

"அமுக்கு!" என்றான். அமுக்கினேன். "விடு!" விட்டேன். "அமுக்கு... விடு... இரு, இன்னொரு தடவை..."

"எரியுதா இல்லையாடா?" என்றேன்.

"நீ அமுக்கு."

"லெஸ் ஹாட்ஜெட்ஸ்! கேட்டா வாயைத் திறந்து சொல்லு! நான் என்ன செங்கல்லா? எரியுதா, எரியலையா?"

 அவன் மெல்லச் சுற்றிக்கொண்டு கார் ஜன்னல் பக்கம் வந்தான். "அவ இதையேதான் கேப்பா" என்றான். "ஒரு தடவைகூட நான் சொன்னதில்ல, ஆலிவ்."

நான் இறங்கி வெளியே வந்தேன். அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்து வீட்டுக்கு ஓடினேன். திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். காலால் பிரேக்கை அமுக்கிவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். உட்கார்ந்த இடத்திலிருந்து பின்விளக்கு எப்படித் தெரியும்? அமுக்கிவிட்டு இறங்கி ஓடுகிறான். ஓடினால் கால் பிரேக்கில் இருக்காதே! மறுபடி ஏறுகிறான், மறுபடி அமுக்குகிறான், கழுத்தைத் திருப்புகிறான். ஐம்பத்தைந்து வயது ஆண்பிள்ளை. கடைசியில் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துவிட்டான். தோள் குலுங்கியது. அமுக்கிய காலை மட்டும் எடுக்கவே இல்லை; முன்னால் மீட்டர் விளக்கு மங்கலாக முழித்துக்கொண்டே இருந்தது.

நான் திரையை இழுத்துவிட்டேன். சில அழுகையைப் பக்கத்து வீடு பார்க்கக்கூடாது.

சாயங்காலம் சுவருக்கு அப்பால் சரக் சரக் என்று ஒரு சத்தம் கேட்டது. உப்புத்தாள். இருட்டும்வரை நிற்கவில்லை. இடையிடையே பல்லைப் பிடுங்கினால் வருகிற முனகல் ஒன்றும் கேட்டது.

மறுநாள் காலை போட்டித் திடலுக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். லெஸ் இடதுபக்கம் திரும்பினான். முனையில் அவன் பிரேக் போட்டபோது நான் வாசலில் நின்றிருந்தேன். சிவப்பாக எரிந்தது. "எரியுதுடா!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். தெருவில்தான் யாருமில்லை.

இனி நடந்தது பெரில் என்னிடம் சொன்னது.

வேல்ஸ் மலையில் நல்ல மழை. ஐரிஸ் விடுதியின் வாசலில் பச்சை கார் விளக்குகளோடு வந்து நின்றபோது பெரில் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாளாம்.

"வந்துட்டார் பாருடி, மாப்பிள்ளை" என்றாள் ஐரிஸ் ஜன்னலில் நின்று. "பூமாலை எங்கன்னு கேளு."

பெரில் கத்தியோடேயே வெளியே வந்தாள். லெஸ் நனைந்துகொண்டு நின்றான்.

"எரியுது பெரில்."

"யார் பார்த்தது?"

"ஆலிவ் பார்த்தா. வைப்பரும் ஓடுது. மலை ஏறும்போதுகூட நிக்கல. நீ வந்து பாரேன். நான் உள்ள உக்காந்துக்கறேன்."

அவள் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அவன் உள்ளே உட்கார்ந்து அமுக்கினான். மழைக்குள் அந்தச் சிவப்பு அவள் ஏப்ரனெல்லாம் விழுந்தது. இத்தனை காலம் அதை எரியவைக்க அமுக்கினவள் அது எரிவதைப் பார்த்தது அன்றுதான். ஆனால் உடனே அவள் கண் வேறொன்றைப் பார்த்தது. விளக்கைச் சுற்றிப் பெயின்ட் நாய் கடித்த மாதிரி பிய்ந்திருந்தது. டிக்கி ஓரமாக மஞ்சள் ஒயர் ஒன்று, மறைக்கக்கூட முயலாமல், கயிற்றால் கட்டப்பட்டு ஓடியது.

"ஏன் ரெண்டும்? சுரண்டினாலே போதும்னாரே ப்ராபர்ட்?"

"சந்தேகமா இருந்துச்சு" என்றான் லெஸ். "நீ இல்லாம சரிபார்க்க முடியல. அதான் ரெண்டும்."

அப்போதுதான் அவள் அழுதாளாம். அழுதாலும் கோபம் போகவில்லை.

"வீட்டுக்கு வரியா?" என்றான்.

"மாட்டேன். நான் கடல் பாக்க வந்தேன், பாத்துட்டுத்தான் யோசிப்பேன். அக்காவுக்கு ஆள் இல்ல. நீயும் வேணும்னா இருந்து வேலை செய். என் கத்தி இந்தா."

அவன் மாற்றுத் துணிகூடக் கொண்டுவரவில்லை. ஐரிஸின் செத்துப்போன புருஷனுடைய கால்சட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தான் லெஸ். மில் அடைப்பு வாரம், விடுதி நிறைய ஆட்கள். பெரில் காலை எழுந்ததும் கடலுக்குப் போனாள். அலையில் நின்றாள். மணலில் உட்கார்ந்து மீனும் வறுவலும் சாப்பிட்டாள், விரலிலிருந்த வினிகரை நக்கினாள். ஐரிஸோ நரகத்தில் இருந்தாள்.

ஏனென்றால் லெஸ் உருளைக்கிழங்கு உரித்தால், அதை உரிப்பதில்லை, செதுக்குகிறான். ஒரு முளைக்கண், ஒரு புள்ளி இருக்கக்கூடாது. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். எல்லாம் ஒரே அளவாக வேண்டுமென்று வரிசையாக அடுக்குகிறான். சாப்பாட்டு அறையில் ஆட்கள் முள்கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே வாளியில் கிடப்பது ஏழெட்டுக் கிழங்கு, கோழிமுட்டைபோலப் பளபளவென்று.

வெள்ளிக்கிழமை ஐரிஸ் பொறுமையிழந்தாள். மணலில் உட்கார்ந்திருந்த தங்கை முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே அந்தக் குளிர்காலக் கோட்டு.

"கூட்டிட்டுப் போயிடு இவனை. உன் காலைப் பிடிக்கறேன்."

"என்னை இங்கயே இருன்னு சொன்னியே அக்கா?"

"உன்னை இருக்கச் சொன்னேன். நீ இருந்தா அவன் போக மாட்டேங்கறான். இன்னிக்குக் காலையில என் கரன்ட்டு கெட்டிலைப் பிரிச்சு வெச்சிருக்கான்டி! எர்த் சரியில்லையாம்!"

 பெரில் மணலை உதறிக்கொண்டு எழுந்தாள். விடுதி வாசலில் லெஸ் முழங்கால் கால்சட்டையோடு, ஒரு கையில் கெட்டிலின் மூடியோடு, குற்றவாளிபோல நின்றிருந்தான்.

"அதைக் கீழ வை" என்றாள். "மாட்டாத. கையே வைக்காத. ஐரிஸ் வேற வாங்கிப்பா. வண்டியை எடு."

"வீட்டுக்கா?" என்றான் நம்பாமல்.

"அடுத்த ஆகஸ்டும் இங்கதான் வருவோம். போட்டி நடந்தாலும் சரி, உலகம் அழிஞ்சாலும் சரி. சரின்னு சொன்னா ஏறுவேன்."

"சரி."

"அந்த மஞ்சள் ஒயர்?"

லெஸ் பின்பக்கம் போய், ஒயரைக் கட்டியிருந்த கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான்.  

"இருக்கட்டும்" என்றான்.

பெரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.